காசுக்குத் திகதி குறியுங்கள்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் புதிதாகச் சம்பாதிக்கத் தொடங்குபவர்களுக்கு

முதல் சம்பளம் கைக்கு வந்த கிழமையிலேயே மூன்று பேர் தேடி வருவார்கள். சீட்டுப் பிடிக்கும் அக்கா, ஆயுள் காப்புறுதி முகவர், மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் போட்டுத் தருகிறேன் என்கிற தம்பி. மூவரும் கேட்பது ஒரே கேள்விதான்: மாதம் எவ்வளவு கட்டுவீர்கள்? அதற்குப் பதில் சொல்லமுன் உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தக் காசு எனக்கு எந்தத் திகதியில் தேவைப்படும்?

கல்லடியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் என்னிடம் வந்தான். "மாமி, சம்பளம் வந்திட்டு. இப்ப என்ன செய்யிற?" என்றான். "மனே, முதல்ல ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு வா" என்றேன். நான் 27 வருடம் தனியார் நிறுவனங்களில் கணக்கெழுதியவள். அவனுக்குப் பல பின்னேரங்களில் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வெள்ளாண்மை செய்பவர்களுக்கும், கட்டாரிலோ சவூதியிலோ இருந்து வீட்டுக்குக் காசு அனுப்புபவர்களுக்கும் பொருந்துகிற மாதிரிச் சிலதைச் சேர்த்திருக்கிறேன்.

முதலில் கொப்பி

மூன்று மாதத்துக்கு வருகிற காசையும் போகிற காசையும் எழுதுங்கள். ஃபோனில் எழுதினாலும் சரி. சம்பளக்காரருக்கு இது லேசு, மாதம் ஒரு தடவை காசு வருகிறது. படுவான்கரையில் வயல் செய்பவருக்கு வருடத்தில் இரண்டு தடவைதான் பெரிய காசு கையில் புழங்கும். பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில். சிறுபோகம் ஆவணியை ஒட்டி. அந்த இரண்டு தடவையும் கையில் இலட்சக்கணக்கில் இருப்பதால் நாம் வசதியாக இருக்கிறோம் என்ற எண்ணம் வந்துவிடும். ஐப்பசியில் விதைக்கிற நேரம் நகை வங்கிக்குப் போகும்.

வயல்காரர் நெல் விற்ற அன்றே காசை மூன்றாகப் பிரிக்க வேண்டும். அடுத்த போகத்தின் உழவு, விதைநெல், உரம், மருந்து, அறுவடை மெஷின் கூலி ஒரு பங்கு. அடுத்த ஆறு மாதச் சாப்பாடும் பள்ளிக்கூடச் செலவும் இன்னொரு பங்கு. அதை ஆறால் வகுத்து, மாதம் ஒரு பங்குக்கு மேல் தொடாமல் இருங்கள். இந்த இரண்டும் போக மிஞ்சுவதுதான் உண்மையான வருமானம். சேமிப்பு, சீதனம், காணி என்ற பேச்செல்லாம் அந்த மூன்றாவது பங்குக்குள் மட்டும் நடக்கட்டும்.

சம்பளக்காரருக்கு ஒரு சின்ன ஏற்பாடு போதும். சம்பளம் விழுகிற திகதிக்கு மறுநாளே சேமிப்புத் தொகை இன்னொரு கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் நிலையியற் கட்டளை ஒன்று எழுதிக் கொடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சினால் சேமிப்போம் என்று சொன்னவர்களில் மிஞ்சியவரை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, கடனை அளந்து பாருங்கள்

முதலீடு பற்றிப் பேசமுன் கடனைப் பேச வேண்டும். உங்கள் வைப்புக்கு வங்கி 8% தருகிறது, நீங்கள் 24% வட்டிக்குக் கடன் வைத்திருக்கிறீர்கள் என்றால், அந்தக் கடனை அடைப்பதைவிட நல்ல முதலீடு இந்த நாட்டில் கிடையாது.

24% கட்டுகிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. லீசிங்கில் "14% தான்" என்பார்கள். 4 இலட்சத்துக்கு 14% ஃப்ளாட் வட்டியில் நான்கு வருடம் என்றால் வட்டி மட்டும் 2 இலட்சத்து 24 ஆயிரம். மொத்தம் 6 இலட்சத்து 24 ஆயிரத்தை 48 மாதத்தால் வகுத்தால் மாதம் 13,000. நீங்கள் மாதாமாதம் முதலையும் திருப்பிக் கட்டிக்கொண்டு வருகிறீர்கள், வட்டியோ முழு 4 இலட்சத்துக்கும் கடைசி மாதம் வரை ஓடுகிறது. குறைந்து வரும் மீதிக்குக் கணக்குப் போட்டால் அந்த 14% கிட்டத்தட்ட 24% ஆகிறது. ஆகவே கையெழுத்துப் போடமுன் இரண்டு விஷயம் கேளுங்கள்: கடைசியில் மொத்தமாக எவ்வளவு கட்டியிருப்பேன்? மீதிக்கு மீதி கணக்கில் வட்டி வீதம் என்ன? பதில் எழுத்தில் வரட்டும்.

நகை ஈடு வைப்பது தவறில்லை. அவசரத்துக்கு வங்கியில் அடகு வைப்பது மற்றப் பல கடன்களைவிட மலிவு. மீட்கும் திகதியைத் தாண்ட விட்டால்தான் நகை ஏலத்துக்குப் போகும். அந்தத் திகதியையும் கொப்பியில் எழுதுங்கள்.

நுண்கடன் விஷயத்தில் எனக்கு மனவருத்தம் உண்டு. வாகரை தொடக்கம் படுவான்கரை வரை, கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடனுக்காக இன்னொரு இடத்தில் கடன் எடுத்து, அதற்காக மூன்றாவது இடத்தில் எடுத்த பெண்களை நேரில் அறிவேன். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, கணக்குத் தெரியாதவர்களும் இல்லை. வருமானம் போகத்துக்கு ஒருக்கால் வருகிற வீட்டில் தவணை கிழமைக்கு ஒருக்கால் என்றால் அது பொருந்தாது. கடன் எடுப்பதானால் வருமானம் வருகிற திகதியோடு தவணைத் திகதி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பிணை. கந்தோரில் நிரந்தரமாகிய உடனே "தம்பி, ஒரு கையெழுத்து" என்று கேட்பார்கள். அந்தக் கையெழுத்து மரியாதைக்குப் போடுகிற கையெழுத்து இல்லை. எடுத்தவர் கட்டாவிட்டால் வங்கி உங்களிடம்தான் வரும், யார் எந்தக் கடனை எப்படிக் கட்டுகிறார் என்று பதிந்து வைக்கும் கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயரும் ஏறும். பிறகு நீங்கள் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். அந்தத் தொகையை நானே கட்ட வேண்டி வந்தாலும் தாங்குவேன் என்றால் மட்டும் பிணை நில்லுங்கள்.

மூன்றாவது, அவசரக் காசு

ஆறு மாதச் செலவு. இதைச் சேர்த்து முடிக்கும்வரை வேறு முதலீடு எதையும் யோசிக்க வேண்டாம். நம் ஊருக்கு இது ஏன் தேவை என்று விளக்கத் தேவையில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியில் ஒரே இரவில் தென்னந்தோட்டங்கள் போனதை எங்கள் அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்தார். 2004 டிசம்பர் 26 காலை நாவலடியிலும் கல்லடியிலும் கல்முனையிலும் மருதமுனையிலும் அலுமாரிக்குள் இருந்த நகையும் காசும் உறுதியும் ஆட்களோடு சேர்ந்து போயின. 2011 தையில் வந்த வெள்ளம் அறுவடைக்கு நின்ற நெல்லை மூழ்கடித்தது.

இந்தக் காசை வீட்டில் வைக்காதீர்கள். நிலையான வைப்பிலும் முழுவதையும் பூட்ட வேண்டாம். சாதாரண சேமிப்புக் கணக்கில் இரண்டு மாதச் செலவு, மற்றது மூன்று மாத வைப்பில் இருந்தால் சரி. அதோடு காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்து, வேறு மாவட்டத்தில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். மூலப் பிரதிகள் தண்ணீர் புகாத ஒரே பையில் இருக்கட்டும், எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய மாதிரி.

சீட்டு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் மாதம் 10,000 போட்டுச் சுற்றுகிற சீட்டில் முதலில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன், கடைசியில் எடுப்பவருக்கு வட்டியில்லாச் சேமிப்பு. எடுத்தவர் நடுவில் நின்றால் கேட்பதற்கு ஆள் இல்லை. குளிர்சாதனப் பெட்டி வாங்க, கல்யாணத்துக்குச் சேர்க்க, வீடும் குடும்பமும் தெரிந்தவர்களோடு சீட்டுப் போடலாம். அவசரக் காசையோ முதுமைக் காசையோ அதில் வைக்க வேண்டாம்.

நான்காவது, ஈ.பி.எஃப். உண்மையாகவே போகிறதா?

இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். தனியார் துறையில் வேலை செய்யும் பெரும்பாலானோருக்கு வாழ்க்கையிலேயே பெரிய சேமிப்பு இதுதான்.

ஈ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமலாப நிதியம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. உங்கள் சம்பளத்தில் 8% கழிக்கப்படும், முதலாளி தன் பங்காக 12% சேர்க்க வேண்டும். இதைவிட ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3% கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது. சம்பளம் 50,000 என்றால் உங்கள் 4,000, அவருடைய 6,000, நம்பிக்கை நிதியத்துக்கு 1,500. மாதம் 11,500 உங்கள் பெயரில் சேருகிறது, உங்கள் பையிலிருந்து போனது 4,000 மட்டும்.

தற்காலிக வேலை, நாட்கூலி, துண்டுக் கணக்கு வேலை எதுவானாலும் உரிமை உண்டு. கல்முனையிலும் காத்தான்குடியிலும் மட்டக்களப்பு நகரிலும் கடைகளிலும் ஆலைகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் பலர், "எங்களுக்கு அது இல்லை மாமி" என்கிறார்கள். சட்டத்தில் இருக்கிறது. வேலைக்குச் சேரும் நாளிலேயே அங்கத்துவ இலக்கம் கேளுங்கள்.

என் கதையையும் சொல்கிறேன். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் சம்பளச் சீட்டில் மாதா மாதம் 8% கழித்துக்கொண்டே வந்தார்கள். நான் அதை நம்பினேன். கணக்கெழுதும் எனக்கே பார்க்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அந்தக் கோப்பு வேறொருவர் கையில் இருந்தது. மீதிக் கூற்று எடுத்துப் பார்த்தபோது 14 மாதம் வெறுமையாக இருந்தது. தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். அலைந்தேன், பயமாகவும் இருந்தது. ஆனால் சம்பளச் சீட்டுகளை எறியாமல் வைத்திருந்தபடியால் கடைசியில் முழுவதும் கட்டப்பட்டது. முதலாளி ஒரு மாதத்துப் பங்கை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணமும் அவருக்கு விழும். ஆகவே வருடத்துக்கு ஒரு தடவையாவது மீதிக் கூற்றைப் பாருங்கள். சம்பளச் சீட்டை ஒருபோதும் எறியாதீர்கள்.

எடுக்கும் வயது ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50. திருமணத்துக்காக வேலையை விடும் பெண்கள், நிரந்தரமாக வெளிநாடு போவோர், நிரந்தரமாக இயலாமற் போனோர், ஓய்வூதியமுள்ள அரச வேலைக்குப் போவோர் முன்பே எடுக்கலாம். பத்து வருடம் பங்களிப்புச் செய்து 3 இலட்சத்துக்கு மேல் மீதியிருந்தால் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30% வரை இடையில் எடுக்க வழியுண்டு. கல்யாணமானதும் எடுத்துச் செலவழித்துவிட்டு, இரண்டு வருடத்தில் திரும்ப வேலைக்குப் போன தங்கச்சிமார் எத்தனை பேர்! வேலையைத் தொடரும் எண்ணம் இருந்தால் அந்தக் காசைத் தொடாமல் விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சொந்தத் தொழில் செய்பவருக்கு இந்த ஏற்பாடு இல்லை. தையல், மேசன் வேலை, முச்சக்கரவண்டி, வீட்டுப் பலகாரம் என்று எதுவானாலும், பிரதேச செயலகத்தில் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 60 வயதிலிருந்து மாதாமாதம் வரும். கமக்காரருக்கு 1987இல் தொடங்கிய தனி ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. கமநல சேவை நிலையத்தில் விசாரிக்கலாம். வருகிற தொகை சின்னதுதான். அதை மட்டும் நம்ப முடியாது. மற்றச் சேமிப்போடு சேர்ந்தால் மருந்துச் செலவுக்காவது உதவும்.

ஐந்தாவது, ஒன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் காசு

வீட்டுக்கு அத்திவாரம், தங்கச்சியின் கல்யாணம், பிள்ளையின் படிப்பு. திகதி கிட்டத்தில் இருக்கிற காசு இது. இதைப் பங்குச் சந்தையில் போடக்கூடாது. நிலையான வைப்பு, திறைசேரி உண்டியல் இரண்டும் இதற்கு ஏற்றவை.

திறைசேரி உண்டியல் என்றதும் சிலர் பயந்துபோகிறார்கள், வெளிநாட்டிலிருந்து திருட்டு வழியில் காசு அனுப்புகிற "உண்டியல்" என்று நினைத்து. பெயர் மட்டும்தான் ஒன்று. இது அரசாங்கம் 91, 182, 364 நாட்களுக்கு வாங்கும் கடன். மத்திய வங்கி கிழமைதோறும் ஏலம் விடும். முதனிலை வணிகராக, அதாவது அந்த ஏலத்தில் நேரடியாக வாங்க அனுமதி பெற்றவையாக இருக்கிற வங்கிகள் வழியாக நீங்களும் வாங்கலாம். இலங்கை வங்கியிலோ மக்கள் வங்கியிலோ போய், எவ்வளவிலிருந்து வாங்கலாம் என்று கேளுங்கள். மற்ற உண்டியலை, வெளிநாட்டில் இருப்பவர்களே, விடுங்கள். வங்கி வழியாக வந்த காசுக்குக் கடதாசி இருக்கும்; நாளைக்குக் காணி வாங்கும்போதும் வீட்டுக் கடன் கேட்கும்போதும் அந்தக் கடதாசிதான் பேசும்.

எங்கே போடுவது என்பதில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புக்கு மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை உண்டு. 2020இல் சில நிதிக் கம்பனிகளின் உரிமம் இரத்தானபோது வருடக் கணக்கில் காத்திருந்தவர்கள் அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டவர்கள்தான். தேசிய சேமிப்பு வங்கி வைப்புக்கு அரசின் முழு உத்தரவாதம் இருக்கிறது. கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் இந்தக் காப்புறுதிக்குள் வருவதில்லை. அங்கே கொஞ்சம் வைக்கலாம், வாழ்நாள் சேமிப்பை வைக்க வேண்டாம்.

வட்டிக்கு 2025 ஏப்ரல் தொடக்கம் 10% வரி வங்கியிலேயே பிடிக்கிறார்கள். உங்கள் மொத்த வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் சுயபிரகடனப் படிவம் ஒன்றை நிரப்பி வங்கியில் கொடுத்து அந்த வரியைத் தவிர்க்கலாம். எங்கள் ஒழுங்கையிலேயே ஓய்வுபெற்ற மூன்று ஆசிரியைகள் இது தெரியாமல் மாதக்கணக்கில் இழந்துகொண்டிருந்தார்கள்.

வைப்பை ஒரே கட்டாகப் போடாதீர்கள். 2022 கடைசியில் திறைசேரி உண்டியல் வட்டி 30% தாண்டியது, 2024 முடியும்போது 9%க்குக் கீழே வந்துவிட்டது. எந்த நேரத்தில் எது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. 6 இலட்சம் இருந்தால் இரண்டை ஆறு மாதத்துக்கும், இரண்டை ஒரு வருடத்துக்கும், இரண்டை இரண்டு வருடத்துக்கும் போடுங்கள். ஏதாவது ஒன்று எப்போதும் முதிர்ந்துகொண்டிருக்கும், அவசரத்துக்கு முழுவதையும் உடைக்க வேண்டி வராது.

வட்டி வேண்டாம் என்று இருக்கும் காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது உறவுகளுக்கு, 2011 தொடக்கம் அமானா வங்கி முழுக்க இஸ்லாமிய முறையில் இயங்குகிறது. வேறு சில வங்கிகளிலும் தனிப் பிரிவு உண்டு. இலாபப் பங்கு முன்கூட்டியே உறுதியான தொகை இல்லை என்பதை மட்டும் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் வரும் திட்டங்கள். மாதம் 10% என்று சொன்னால், அது வருடத்தில் காசு மூன்று மடங்குக்கு மேல் ஆவதாகச் சொல்கிறது. அப்படித் தொடர்ந்து உழைக்கிற தொழில் உலகத்தில் இருந்தால் அவர்களுக்கு உங்கள் காசு தேவைப்படாது. ஆள் சேர்த்தால் காசு தருகிற பிரமிட் திட்டம் வங்கித்தொழில் சட்டத்தின் கீழ் குற்றம்; சேர்ப்பவரும் குற்றவாளி. நாம் சேர்த்து விடுவது மச்சானையும் சித்தியையும்தான். காசு போனதோடு உறவும் போய்விடும்.

ஆறாவது, பத்து வருடத்துக்கு அப்பால்

25 வயதில் தொடங்கி மாதம் 5,000, வருடம் 8% என்றால் 55 வயதில் கிட்டத்தட்ட 74 இலட்சத்து 50 ஆயிரம். 35இல் தொடங்கினால் அதே 5,000, அதே 55 வயதில், 29 இலட்சத்து 50 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. பத்து வருடத்தில் நீங்கள் கூடுதலாகப் போட்டது 6 இலட்சம், வித்தியாசம் 45 இலட்சம். இதைச் சொன்னபோது பக்கத்து வீட்டுப் பையன் கல்குலேட்டரில் மூன்று தடவை அடித்துப் பார்த்தான்.

ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். விலைவாசி வருடம் 5% ஏறினால், 30 வருடத்துக்குப் பின் அந்த 74 இலட்சம் இன்றைய 17 இலட்சத்தின் பெறுமதிதான். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8%, டொலர் அந்த வருடத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்து மே மாதம் 360 அளவுக்குப் போனது. வங்கிப் புத்தகத்தில் இலக்கம் குறையவில்லை, அதே காசுக்கு அரிசி பாதிதான் வந்தது. அதனால் 5,000ஐ அப்படியே விட்டுவிடாமல் சம்பளம் ஏறும்போதெல்லாம் ஏற்றுங்கள். நீண்டகாலக் காசில் ஒரு பங்கையாவது விலைவாசியோடு ஏறக்கூடிய பொருளில் வையுங்கள்.

அதில் ஒன்று பங்கு. கொழும்புப் பங்குச் சந்தையில் வாங்க, தரகர் நிறுவனம் ஒன்றின் மூலம் சி.டி.எஸ். கணக்கு (வாங்கிய பங்குகள் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும் கணக்கு) திறக்க வேண்டும், ஃபோன் வழியாகவே செய்யலாம். கம்பனி ஒவ்வொன்றையும் படிக்க நேரமில்லாதவர்கள் பலருடைய காசைச் சேர்த்து ஒரு நிறுவனம் முதலிட்டுத் தரும் யூனிட் ட்ரஸ்ட்டில் தொடங்குவது நல்லது. சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2022 தையில் 13,000க்கு மேல் இருந்தது, சித்திரை முடியும்போது 8,000க்குக் கீழே. 2024 டிசம்பரில் 15,000ஐத் தாண்டியது. மகளின் கல்யாணத்துக்கு வைத்த காசை அதில் போட்டவர் அந்தச் சித்திரையில் நட்டத்துக்கு விற்றிருப்பார். பத்து வருடக் காசைப் போட்டவர் காத்திருந்திருப்பார். இரண்டு பேரும் வாங்கியது ஒரே பங்குதான், திகதிதான் வேறு.

தங்கம் நம் வீடுகளுக்குப் புதிதில்லை. ஆனால் சேமிப்புக்காக வாங்குவதானால் நகையாக வாங்காதீர்கள். செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது. 8 கிராம் பவுண் காசாக வாங்குங்கள்.

காணி வாங்குவோர் காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைச் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு பார்ப்பிக்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். நம் இரண்டு மாவட்டத்திலும் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள் நிறைய. அவற்றை உறுதிக் காணி போல நினைத்த மாதிரி விற்கவோ வாங்கவோ முடியாது.

பயணத்துக்கும் திகதி உண்டு

பயணச் செலவை யாரும் திட்டமிடுவதில்லை. கதிர்காமம், மாமாங்கத் தீர்த்தம், உம்ரா, திருச்சி, மதுரை என்று நம் பயணங்களில் பல வருடா வருடம் திகதி தெரிந்தவை. ஒன்றரை வருடத்தில் இந்தியா போக 1 இலட்சத்து 80 ஆயிரம் வேண்டுமென்றால் மாதம் 10,000. இதற்குத் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்று வையுங்கள். கடன் அட்டையில் போய் வந்தால் திரும்பி வந்த பிறகும் அந்தப் பயணம் உங்களிடம் காசு கேட்டுக்கொண்டிருக்கும். வெளிநாட்டில் அட்டை தேய்த்தால் நாணய மாற்றுக் கட்டணமும் சேரும், போகமுன் வங்கியில் கேளுங்கள்.

உண்மையில் நம் குடும்பங்களை இடிக்கிற பயணம் வேறு. வைத்தியத்துக்கும் தூதரகத்துக்கும் கொழும்பு போவதுதான். நோயாளி ஒருவர், கூடப் போகிறவர் ஒருவர், தங்குமிடம், சாப்பாடு, முச்சக்கரவண்டி. இதற்கென்று அவசரக் காசுக்குள் ஒரு பங்கைப் பிரித்து வையுங்கள். திகதி தெரிந்த பயணமானால் உதயதேவியிலோ இரவுப் புகையிரதத்திலோ இருக்கையை முன்கூட்டியே பதியுங்கள். இரவில் போனால் ஓர் இரவு அறைக் காசு மிச்சம். பாதை மட்டக்களப்போடு முடிகிறபடியால் கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆட்கள் பஸ்ஸையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அரச ஊழியர்கள் தங்களுக்குக் கிடைக்கும் இலவசப் பயணச் சீட்டான புகையிரத ஆணைச்சீட்டைப் பாவிக்காமல் வருடத்தை முடிப்பது எனக்குப் பொறுக்காது.

கடைசியாக முதுமை, அதோடு மகளின் வீடு

நம் பக்கத்தில் முதுமைத் திட்டம் என்றால் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது. தமிழரிலும் சோனகரிலும் இதே வழக்கம். பெண் பிறந்த அன்றே வாப்பா கல் அடுக்கத் தொடங்குவார். நான் இந்த வழக்கத்தை மதிக்கிறேன். எங்கள் பெண்களுக்குக் கால் ஊன்ற இடம் தந்தது இதுதான். ஆனால் மூன்று மகள்மார் உள்ள வீட்டில் அம்மாவும் அப்பாவும் கடைசியில் குசினிக்குப் பக்கத்து அறையில் போய் நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஈ.பி.எஃப். காசு மாதாமாதம் வராது, ஒரே தடவையாக வரும். அந்தக் கிழமை வீட்டில் எல்லோருக்கும் தேவை வரும். மருமகனுக்கு வான், மகளுக்கு மேல்மாடி, தம்பிக்குக் கைமாற்று. ஆகவே காசு வரமுன்பே, 50 வயதிலேயே, கணவனும் மனைவியும் இருந்து ஒரு கணக்கைப் போடுங்கள். இன்றைய செலவில் இருவருக்கும் மாதம் 40,000 என்றால், 60இலிருந்து 85 வரை 300 மாதம், ஒரு கோடியே 20 இலட்சம். வட்டி விலைவாசியை மட்டும் ஈடுகட்டும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. அதிலிருந்து ஓய்வூதியம், கடை வாடகை, தென்னந்தோட்டத்து வருமானம் ஆகியவற்றைக் கழியுங்கள். மிஞ்சுகிற தொகைதான் நீங்கள் சேர்க்க வேண்டியது. அது நிரம்பிய பிறகு வருகிற காசு பிள்ளைகளுக்கு. அரச ஓய்வூதியம் இருப்பவருக்குத் தொகை குறையும், கணக்கு இல்லாமல் போகாது.

வீட்டை மகள் பெயரில் எழுதுவதானால், நன்கொடை உறுதியில் உங்கள் இருவரின் சீவிய உரித்தை வைத்து எழுதச் சொல்லி நொத்தாரிசிடம் கேளுங்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை உங்களுடையது. மகளை நம்பாமல் செய்வதாக நினைக்க வேண்டாம். நாளைக்கு அந்த வீடு கடனுக்கு ஈடு போனாலும் உங்களை எழுப்ப முடியாது. இதை மகளிடமும் மருமகனிடமும் நேரில் இருந்து சொல்லிவிடுங்கள், உறுதி எழுதிய பிறகு தெரிய வந்தால்தான் மனம் நோகும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஒவ்வொரு கணக்கிலும், ஈ.பி.எஃப்.இலும், காப்புறுதியிலும் பின்னுரித்தாளர், அதாவது உங்களுக்குப் பின் அந்தக் காசைப் பெறுபவர், பெயர் யாருடையது என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய பெயர் அப்படியே கிடக்கும், மாற்றுங்கள். பிறகு ஒரு தாளில் எந்த வங்கி, எந்தக் கிளை, எந்தக் காப்புறுதி, யாரிடம் என்ன கைமாற்று, எந்த நகை எங்கே ஈடு, எந்தத் திகதியில் எது முதிரும் என்று எழுதுங்கள். இரகசிய இலக்கம் எதையும் அதில் எழுத வேண்டாம். தாளை உறையில் போட்டு உறுதிப் பைக்குள் வைத்து, அது இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். சித்திரை வருடப் பிறப்பு லீவில் வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துத் திருத்தினால் போதும், அரை மணித்தியால வேலை.